ஆலங்குடாவில் சவ்வைக் கெடுத்த நல்ல தண்ணீர்

உங்கள் பணிப்பாளர் பொய் சொல்லியிருக்கிறார்.

ஆலங்குடாவில் நாங்கள் வைத்த எரிபொருட்கலத்தின் மென்சவ்வு கெட்டதற்கு, இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்த நவாஸ் அனுமதி இல்லாமல் வேறு தண்ணீரை ஊற்றியதுதான் காரணம் என்று புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு முதல் வகுப்பிலேயே அவர் படிப்பித்திருக்கிறார். அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னவரே அவர்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

நான் சவ்வுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். புத்தளத்து ஆய்வுகூடத்தில் இப்போது நீங்கள் உட்காரும் மேசைகளில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். புதியவர்களுக்குப் பயன்படும்படி பணி அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நமது தொழில்நுட்பவியலாளர் சங்கத்தின் இதழில் கேட்டார்கள். பூசி மெழுகி எழுத எனக்கு வராது. பயன்படும்படி எழுத முடியும்.

எரிபொருட்கலம் என்பது எரிக்காமலே மின்சாரம் எடுக்கும் பெட்டி. ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் காற்று, நடுவில் பொலித்தீன் தாளை விட மெல்லிய ஒரு பல்பகுதிய (பொலிமர்) சவ்வு. ஐதரசன் தன் இலத்திரனை வெளியே விட்டுவிட்டு அந்தச் சவ்வுக்குள்ளால் கடந்து மறுபக்கம் போக வேண்டும். சவ்வு ஈரமாக இருந்தால்தான் அது நடக்கும். இறக்குமதிச் சவ்வு விலை கூடியது. மலிவான பிளாஸ்டிக்கில் அதே வேலையைச் செய்யும் சவ்வு ஒன்றை, அதுவும் நம் கரையோரத்தில் தாக்குப்பிடிக்கும் ஒன்றை, செய்வதுதான் எங்கள் வேலையாக இருந்தது. இப்போது அது உங்கள் வேலை.

சவ்வு வார்க்க எனக்குப் பழக்கியவர் சிலாபத்திலிருந்து வந்த சிங்களப் பெண்மணி, இரசாயனவியலாளர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. கண்ணாடித் தட்டில் கரைசலை ஊற்றிப் பரவி, காயவிட்டு, உரித்தெடுப்பதை யாரும் பழகலாம். அவரிடம் நான் கற்றது வேறு. முதல் தடவையாகப் பெரிய தாள் ஒன்று சுருக்கமில்லாமல் உரிந்து வந்த நாளில் பணம் தருகிறவர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். இன்றைய உங்கள் பணிப்பாளர் அப்போது எங்கள் முகாமையாளர். தாளைச் சட்டத்தில் மாட்டிக் காட்டலாம் என்று சந்தோசமாக நின்றார். அந்த அம்மா அதை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஊசி முனை அளவில் ஒரு துளை.

"சரி, கத்தரிக்கோல் எடு" என்றார் என்னிடம். வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நாலாக வெட்டினார்.

"மிஸ், இது காட்டுறதுக்குத்தானே, ஓட்டுறதுக்கு இல்லயே" என்றார் முகாமையாளர்.

"இண்டைக்குக் காட்டினா நாளைக்கு ஓட்டச் சொல்லுவீங்க. இப்ப வெட்டினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். "உனக்குக் கோவமா?"

"ஓம்" என்றேன். இரண்டு கிழமை உழைப்பு அது.

"நல்லது. அந்தக் கோவத்தோட இன்னொண்டு ஊத்து."

பார்வையாளர் வருகிறார்கள் என்பதற்காக இயந்திரத்தை வளைக்கக் கூடாது. இது முதலாவது விடயம். இதை நானும் கற்றேன், முகாமையாளரும் அதே அறையில் நின்று பார்த்தார். அவர் கற்கவில்லை.

ஆலங்குடாவில் மீனவர் சங்கக் கட்டடத்தில் எங்கள் முதல் கலத்தை வைத்தோம். கடலுக்குப் போன படகுகளோடு கதைக்கும் ரேடியோ செட்டும், கரையில் இரண்டு விளக்கும் அதில் ஓடின. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலுக்குப் போகும் தடைகள் நீங்கி, பட்டம் கட்டித் தண்ணீரில் சறுக்க வெள்ளைக்காரர்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். மின்சாரம் மட்டும் காற்றடித்தால் போய்விடும். அதனால்தான் அந்த இடம்.

எல்லோருக்கும் அண்ணன் முறையான சங்கத் தலைவர் சபீக் நானாவுக்கு எங்கள் பெட்டியில் நம்பிக்கை இல்லை. டீசல் ஜெனரேட்டர் மாதிரி அது உறுமவில்லை என்பது அவருடைய குறை.

"சத்தம் போடாத மெசின எப்பிடி நம்புற?" என்று நவாஸைக் கேட்டார்.

"இது சத்தம் போட்டா நாங்க எல்லாரும் ஓடோணும் நானா" என்றார் நவாஸ். பக்கத்தில் ஐதரசன் உருளை நின்றது. சபீக் நானா ஓரடி தள்ளி நின்று சிரித்தார். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

நவாஸைப் பற்றி இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது சின்ன வயதில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துத் தில்லையடியில் வளர்ந்தவர். குளிரூட்டி திருத்தும் வேலை படித்து எங்களிடம் சேர்ந்தார். கவனமான ஆள். அவ்வளவுதான், அவரைப் புனிதராக்க நான் எழுதவில்லை. பிந்தி வருவார், என்னிடம் ஏச்சும் வாங்குவார்.

முதல் சோளகக் காற்றிலேயே சவ்வு படுத்துவிட்டது. தென்மேற்கிலிருந்து மாதக் கணக்கில் அடிக்கும் அந்தக் காற்றில் கடல் துமி வரும், உப்பு வரும். எங்கள் பெட்டி உறிஞ்சியது அந்தக் காற்றைத்தான். உப்பிலுள்ள சோடியம் சவ்வுக்குள் போய் ஐதரசன் இருக்க வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொண்டது. பின்பு காற்று வழியில் வடிகட்டி போட்டோம். சவ்வின் கலவையையும் மாற்றினோம். நுண்ணிய சிலிக்காத் தூள் சேர்த்து, இழைகளை இன்னும் இறுக்கிப் பிணைத்தோம். எத்தனையோ தாள் வெடித்தது, எத்தனையோ தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடுத்த சோளகத்தில் சவ்வு அசையவில்லை. உப்பை வென்றுவிட்டோம் என்று எங்கள் எல்லோருக்கும் தலை கொஞ்சம் வீங்கியது.

அந்த வீக்கத்தில்தான் அடுத்தது நடந்தது. கவனமாகப் படியுங்கள், இந்தப் பிழை நம் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

புத்தளம், கற்பிட்டி ஆட்கள் தண்ணீரை நாக்கால் அளப்பவர்கள். வீடு வாங்க வருகிறவர் கூரையைப் பார்க்க முதல் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைப்பார். உவர் என்றால் கெட்ட தண்ணீர். உவர் இல்லை என்றால் நல்ல தண்ணீர். மூன்றாவதாக ஒரு வகை எங்கள் புத்தியில் இல்லை. எரிபொருட்கலத்துக்கோ எதுவும் கரைந்திராத தண்ணீர் வேண்டும். எங்கள் பெட்டியில் தண்ணீர் நேரடியாகக் காற்றோடு தெளிக்கப்பட்டு உள்ளே போகும். அதில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவும் சவ்வுக்குப் போகும். அதனால் ஆய்வுகூடத்தில் சுத்திகரித்த நீரைப் பிளாஸ்டிக் கான்களில் அனுப்பினோம்.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் ஆலங்குடாவுக்கு வரும் நாள். காலையில் கான் ஏற்றி வந்த வான் பாலாவிச் சந்தியில் பழுதாகி நின்றுவிட்டது. பெட்டியின் தாங்கியில் தண்ணீர் அடிக்கோட்டுக்குக் கீழே. முகாமையாளர் வெள்ளைச் சேர்ட்டோடு அங்கும் இங்கும் நடந்தார்.

நவாஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சேர், மெசின நிப்பாட்டி வைப்பம். நிப்பாட்டினா அது சாகாது. நான் த்ரீவீல்ல போய்க் கான எடுத்துட்டு வாறன்."

"அவங்க வாற நேரம் லைட் நூந்து கிடக்கணுமா?"

"லைட்ட லைன் கரன்ட்டுல போடலாம் சேர். தண்ணி வந்துட்டிரிக்கு எண்டு உள்ளதச் சொல்லலாம்."

"உள்ளதக் கேக்கவா கொழும்பில இருந்து வாறாங்க?"

சபீக் நானா உதவி செய்ய வந்தார். அவர் வீட்டுக் கிணறு ஊரிலேயே பேர் பெற்றது. பாதி ஊர் அங்கேதான் குடிக்க அள்ளும். ஒரு குடம் கொண்டு வந்தார். முகாமையாளர் குவளையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"சீனி மாதிரி இரிக்கு. உப்பு ஒரு சொட்டு இல்ல."

"எங்கட கிணத்தக் குத்தம் சொன்ன ஆள் இன்னும் பொறக்கல்ல" என்றார் சபீக் நானா.

குவளை கைமாறியது. நானும் குடித்தேன். உண்மையிலேயே நல்ல தண்ணீர். அங்கே நின்ற ஒருவருக்கும், எனக்கும், வேறு ஒன்றும் தோன்றவில்லை. நவாஸுக்கும் தண்ணீரில் சந்தேகம் இல்லை. எதற்கு இந்த அவசரம் என்பது மட்டும்தான் அவருடைய கேள்வி. "கொஞ்சம் பொறுத்தா வந்துடும் சேர்" என்று இன்னொரு தரம் சொன்னார்.

"நவாஸ், நான் சொல்றன். ஊத்துங்க."

அவர் ஊற்றினார். சபீக் நானா பார்த்தார், சங்கத்து ஆட்கள் பார்த்தார்கள், நான் பார்த்தேன்.

கொழும்பு ஆட்கள் வந்தார்கள், விளக்கைப் பார்த்துக் கைதட்டினார்கள், பொரித்த மீன் சாப்பிட்டார்கள், போனார்கள். எல்லாம் நன்றாக நடந்தது. சவ்வு உடனே சாவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் ஆபத்து. பிழை செய்த நாளில் கைதட்டல் கிடைக்கும்.

அடுத்த நாட்களில் மின்னழுத்தம் இறங்கத் தொடங்கியது. நவாஸ் தொலைபேசியில் சொன்னார். தாங்கியைக் கழுவி, சுத்தமான நீர் மாற்றினோம். இறக்கம் நிற்கவில்லை. வடிகட்டியை மாற்றினோம், ஐதரசன் உருளையைச் சந்தேகப்பட்டோம், குழாய் மூட்டுகளைச் சோதித்தோம். உப்பு இருக்கிறதா என்று சோதித்தோம், இல்லை. உப்பு இல்லாததால் தண்ணீரில் பிழை இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு பின்னேரம் காற்று ஏறியது, லைன் மின்சாரம் போனது, எங்கள் பெட்டியால் ரேடியோவை இழுக்க முடியவில்லை. படகுகள் வெளியே. கைத்தொலைபேசி அவ்வளவு தூரம் எட்டாது. கரையில் பெண்கள் வந்து நின்றார்கள். நவாஸ் தன் த்ரீவீலின் பற்றரியைக் கழற்றி ரேடியோவுக்குக் கொடுத்தார். அதற்குள் முன் படகு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாப் படகும் வந்து சேர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் சபீக் நானா எங்களிடம் குரலை உயர்த்தவில்லை. "நவாஸ், ஒங்கட மெசின்ல எனக்குக் கோவம் இல்ல. ஆனா எங்கட புள்ளயள் கடல்ல இரிக்கக்குள்ள அது ஊமயா இரிக்கப்படாது. கழட்டிட்டுப் போங்க" என்றார். பழைய டீசல் ஜெனரேட்டர் திரும்பவும் வந்து உறுமியது.

கலத்தைப் பிரித்துச் சவ்வை எடுத்தேன். கிழியவில்லை, துளை இல்லை. ஆனால் விறைத்து, பழைய தோல் மாதிரிக் கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சிலாபம் போனேன். அந்த அம்மா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்.

"முன்னம் போகாதது என்ன உள்ள போனது?" என்று கேட்டார். வணக்கம் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்டும் இல்ல. ஒரு நாள் நல்ல தண்ணி ஊத்தின. உப்பே இல்லாத தண்ணி."

அவர் குசினிக்குப் போய்க் கேத்தலைக் கொண்டு வந்து மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. "இதுவும் நல்ல தண்ணிதான். நான் தினமும் குடிக்கிறன்."

அந்த இடத்தில் எனக்கு வந்த வெட்கத்தை விட வந்த சிரிப்புத்தான் அதிகம். என் வீட்டுக் கேத்தலிலும் அந்த வெள்ளை உண்டு. சபீக் நானா வீட்டிலும் இருக்கும். தினமும் பார்ப்பதுதான். சுண்ணாம்பு. நம் கரையின் நல்ல தண்ணீர் மணலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் தண்ணீர். நாக்குக்கு இனிப்பு, சவ்வுக்கு நஞ்சு.

புத்தளத்துக்குத் திரும்பி வந்து சவ்வைத் தண்ணீர் கூடக் கலந்த ஐதான அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். பாதிக்கு மேல் உயிர் வந்தது. கழுவிய நீரைச் சோதித்தபோது கல்சியம். சோடியம் பஸ்ஸில் ஒரு இருக்கையைப் பிடிக்கும் ஆள் என்றால், கல்சியம் இரண்டு இருக்கையில் பரந்து உட்கார்ந்து கொழும்பு வரை இறங்காத ஆள். ஐதரசன் ஏறுவதற்கு இடமே இல்லை. எங்கள் புதிய கலவை உப்பை எதிர்த்துச் செய்தது, சுண்ணாம்பை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இதுவரை நடந்ததில் ஒருவரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். நாக்கை நம்பினோம், ஏமாந்தோம். இப்படி ஏமாறாமல் எந்தச் சவ்வும் திருந்தியது இல்லை. குற்றம் இதற்குப் பிறகு வருகிறது.

புத்தளத்து அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம். கொழும்பு ஆட்கள் காரணம் கேட்டார்கள். முகாமையாளர் எழுந்து, "ஓபரேட்டர் அனுமதி இல்லாமக் கிணத்துத் தண்ணி ஊத்திட்டார்" என்றார். நான் எழுந்தேன். "சேர், நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க. குடிச்சுப் பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

"மிஸ், இது டெக்னிக்கல் மீட்டிங். கோர்ட் இல்ல."

"டெக்னிக்கலா எண்டா இன்னும் நல்லம். கல்சியத்தப் பத்திக் கதைப்பமா?"

கதைக்கவில்லை. சவ்வின் குறை என்றால் இன்னும் வருடக்கணக்கில் ஆய்வு வேண்டும். மனிதனின் குறை என்றால் அந்த மனிதனை அனுப்பினால் போதும். மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு இரண்டாவது வசதியாக இருந்தது. அந்த மாதக் கடைசியோடு நவாஸை வரவேண்டாம் என்றார்கள்.

நான் தில்லையடிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா முறையில் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"யாழ்ப்பாணத்துல ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க ராத்தா. இவர் மாசக் கடைசி வரைக்கும் தந்திரிக்கார். முன்னேற்றந்தானே."

அவருடைய மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு திட்டம் கிடப்பில் போனது, திரும்ப உயிர் பெற்றது. முகாமையாளர் பணிப்பாளரானார். நான் ஓய்வு பெற்றேன். நவாஸ் தில்லையடியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறார். இப்போது கற்பிட்டிப் பக்கத்தில் பல ஊர்களில் உங்கள் புதிய கலங்கள் வரப்போகின்றன, பராமரிக்க ஆள் எடுக்கிறார்கள். நவாஸ் விண்ணப்பித்தார். நேர்முகத்தில் முதல் கேள்வி, "நீங்கதானே அந்தத் தண்ணிக் கேஸ்?" முடிவு இன்னும் சொல்லவில்லை.

போன கிழமை என்னைச் சந்தித்தபோது சொன்னார். "வேல கிடைக்காட்டியும் எனக்குச் சோறு இரிக்கு ராத்தா. ஆனா என்ட பேர் அங்க பாடமா ஓடுதாம். படிக்கிற புள்ளயள் என்னப் பாத்து இவன்தான் அவன் எண்டு சொல்லும். அதத்தான் தாங்க ஏலாம இரிக்கு."

அவருடைய பேர் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் சவ்வுக்கு வருகிறேன். உங்களில் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டு, புதிய சவ்வுக்கு என்னென்ன சோதனை செய்கிறீர்கள் என்று கேட்டேன். உப்பு, வெப்பம், வறட்சி என்று அழகாகச் சொன்னார்.

"சுண்ணாம்பு?"

"அது ஓபரேட்டர் பிழைதானே மிஸ். சவ்வுப் பிழை இல்லயே."

அவரை நான் ஏசவில்லை. படிப்பித்ததைத்தான் சொன்னார். ஒரு மனிதன் மேல் போட்ட பொய் இவ்வளவு வருடத்துக்குப் பிறகு சோதனை அட்டவணைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கான் பிந்தும், வான் பழுதாகும், யாரோ ஒரு நல்ல மனிதர் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டு வருவார். அது திரும்பவும் நடக்கும். அன்றைக்கு உங்கள் சவ்வும் விறைக்கும், ஏதோ ஒரு கரையில் ரேடியோ நின்றுபோகும். அந்தத் தரமும் எல்லாப் படகும் கரை சேரும் என்று எனக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அதனால் நீங்கள் நாளைக்கே சுண்ணாம்புத் தண்ணீரில் சவ்வைப் போட்டுப் பாருங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அது உங்கள் வேலை. ஒரு பழுது வந்தால் யார் செய்தது என்று கேட்க முதல் எது உள்ளே போனது என்று கேளுங்கள். நிறுத்தி வைத்த இயந்திரத்தை நாளைக்கும் ஓட்டலாம். மேலே இருப்பவர் ஊற்று என்றால், "நீங்கள் சொன்னதாகச் சொல்லலாமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். நவாஸுக்கு அந்தப் புத்தி அன்று இருக்கவில்லை, மரியாதை இருந்தது.

பணிப்பாளர் அவர்களே, இந்த இதழ் உங்கள் மேசைக்கும் வரும். எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். புதிய கலங்களைத் திறந்துவைக்க ஆலங்குடாவுக்கு வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சபீக் நானா உயிரோடு இருக்கிறார், அன்று நின்ற சங்கத்து ஆட்களும் இருக்கிறார்கள், புதிய பிள்ளைகளும் வருவார்கள், நானும் வருவேன். ஒலிவாங்கி உங்கள் கையில்தான் இருக்கும். நவாஸின் நேர்முக முடிவு வெளியாக முதல், அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னது யார்?